மடிப்பாக்கத்து இலையா, நட்சத்திர ஹோட்டல் மேசையா?

தோஹாவில் இருக்கும் நண்பன் டிசம்பர் கடைசி வாரம் சென்னைக்கு வருகிறான். விடுதியில் ஒரே வராந்தாவில் குடியிருந்த ஆறு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு எட்டு வருடம் ஆகிறது. வாட்ஸ்அப் குழுவில் தேதி பத்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது. இடம்தான் மூன்று வாரமாக இழுத்துக்கொண்டிருந்தது. எங்களில் ஒருவனுக்கு மடிப்பாக்கத்தில் வீடு. மூன்று பேர் "மடிப்பாக்கத்துல அவன் வீடு இருக்கும்போது ஹோட்டல் எதுக்குடா?" என்றார்கள். மற்ற இருவரும் தோஹாக்காரனும் "ஒரு நாள் நல்ல இடத்துல சாப்பிடுவோம் மச்சான், காசை நான் பார்த்துக்கறேன்" என்ற கட்சி.

நான் வரிக் கணக்குப் பார்க்கும் அலுவலகத்தில் வேலை செய்பவன். அதனால் "நீயே ரெண்டையும் விசாரிச்சுச் சொல்லு" என்று வேலையை என் தலையில் கட்டினார்கள். விசாரித்தேன். குழுவில் எழுத நினைத்தது நீண்டுவிட்டது. இதே குழப்பத்தில் இருக்கும் வேறு யாருக்காவது உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் தலைக்கணக்கு. நண்பர்கள் ஆறு, மனைவிமார் ஐந்து (தோஹாக்காரன் தனியாக வருகிறான்), மடிப்பாக்கத்து நண்பனின் அம்மா, சின்னப் பிள்ளைகள் இரண்டு. மொத்தம் 14. வளர்ந்த பிள்ளைகள் "நீங்க பேசுறதையே திரும்பத் திரும்பப் பேசுவீங்க" என்று வர மறுத்துவிட்டார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான்.

ஹோட்டல் பக்கம் வருவோம். கிண்டி, நுங்கம்பாக்கம் வட்டாரத்தில் மூன்று இடங்களில் கேட்டேன். ஒரு ஐந்து நட்சத்திர ஹோட்டலில் இரவு பஃபே பெரியவருக்கு 2,500 ரூபாய், பிள்ளைகளுக்குப் பாதி என்றார்கள். எங்கள் கூட்டத்துக்கு அது 32,500. இதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம் ஏறினால் 38,350. குடிக்கிறவர்கள் குடித்தால் அது தனி. அந்தக் கணக்கை நான் போடவில்லை, போட்டால் சண்டை வரும்.

இந்த 18 சதவீதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உயர்தர உணவகம் என்றாலே 18 சதவீதம் என்று இல்லை. ஹோட்டலில் ஓர் அறையின் ஒருநாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டுகிறது என்றால், அந்த வளாகத்துக்குள் இருக்கும் உணவகத்தில் 18 சதவீதம். தங்கும் அறைகளே இல்லாத தனி உணவகம் என்றால், கதவுக்கு இரண்டு பேர் நின்று வணக்கம் சொன்னாலும் 5 சதவீதம்தான். அதே 32,500 ரூபாய் சாப்பாடு தனி உணவகத்தில் 34,125 ஆகும். 4,225 ரூபாய் வித்தியாசம், சாப்பாட்டில் ஒரு கரண்டி கூடாமல் குறையாமல். பெரிய கூட்டமாகப் போகிறவர்கள் மெனுவைப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்ப்பது நல்லது.

இன்னொன்று சர்வீஸ் சார்ஜ். சில இடங்களில் பில்லில் 10 சதவீதம் தானாக வந்து உட்கார்ந்திருக்கும். அதன்மேலும் ஜிஎஸ்டி உண்டு. எங்கள் கணக்கில் அதையும் சேர்த்தால் 42,185. இதைத் தானாகச் சேர்க்கக் கூடாது, கொடுப்பதும் கொடுக்காததும் வாடிக்கையாளர் விருப்பம் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவக உரிமையாளர் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆகவே பில்லில் சர்வீஸ் சார்ஜ் இருந்தால் எடுக்கச் சொல்லலாம். எடுக்க மாட்டேன் என்றால் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். ஆனால் எட்டு வருடம் கழித்துச் சந்திக்கும் நண்பர்கள் முன்னால், மேலாளரைக் கூப்பிட்டு மார்ச் மாதத் தீர்ப்பை விளக்குகிற தைரியம் எனக்கு இருக்குமா என்பது சந்தேகம்தான். அந்த ஹோட்டல்களுக்கும் இது தெரியும்.

வீட்டுப் பக்கம் கணக்கு எளிது என்றுதான் நினைத்தேன். போன வருடம் நாங்கள் நாலு குடும்பம் மடிப்பாக்கத்தில் சாப்பிட்டோம். அதற்கு என்ன செலவானது என்று நண்பனிடம் கேட்டேன். அவன் மழுப்பினான். விடாமல் கேட்டு எழுதிக்கொண்டேன். ஆட்டுக்கறி இரண்டு கிலோ, நாட்டுக்கோழி ஒன்று, காய்கறி, சின்ன வெங்காயம், தேங்காய், நெய், பால், தயிர், இலை, குழந்தைகளுக்கு ஐஸ்கிரீம். ஏழாயிரத்துச் சொச்சம். பதினாலு பேர் என்றாலும் பத்தாயிரத்துக்குள் முடிந்துவிடும். 38,350 எங்கே, 10,000 எங்கே? கணக்குப் பார்க்கிறவன் இதோடு எழுந்து போயிருக்க வேண்டும்.

ஆனால் அன்றைக்கு நடந்த ஒன்று என் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். மணி மூன்றே முக்கால் இருக்கும். தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் போனேன். நண்பனின் மனைவி மேடையில் சாய்ந்து நின்றபடி, தட்டைக் கையில் பிடித்து, ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கறிக் குழம்புச் சட்டி கழுவப் போட்டிருந்தது. கறி தீர்ந்துபோயிருந்தது. என்னைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "என்ன அண்ணா, காபி போடட்டுமா?" என்றார்.

"நீ இன்னும் சாப்பிடலையாம்மா?"

"இதோ ஆச்சு அண்ணா."

நான் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். காபியும் வந்தது. அதையும் குடித்தேன்.

அந்த ஏழாயிரத்தில் இது எங்கே இருக்கிறது? முந்தின நாள் மாலை ஒரு கிலோ சின்ன வெங்காயம் உரித்தது, மசாலா வறுத்து அரைத்தது, ஞாயிறு விடிகாலை ஐந்துக்கு எழுந்தது, நாங்கள் போனபின் பாத்திரம் துலக்கியது எல்லாவற்றையும் சேர்த்தால், மாமியாரும் மருமகளுமாக இருபது மணி நேரத்துக்குக் குறையாது. ஹோட்டலில் இதே உழைப்பு உண்டு. ஆனால் அங்கே அது பில்லில் இருக்கிறது. வெட்டுகிறவருக்குச் சம்பளம், கழுவுகிறவருக்குச் சம்பளம், குறைவாக இருக்கலாம், இருந்தாலும் சம்பளம். வீட்டில் பில் கிடையாது, அதனால் மலிவாகத் தெரிகிறது. நண்பன் வீட்டில் சாப்பிட்டோம் என்று சொல்கிறோமே, பெரும்பாலும் அது நண்பனின் மனைவி சமைத்த சாப்பாடு. அவர் நமக்கு நண்பர்கூட இல்லை.

சரி, சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும்? இது நியாயமான கேள்வி. பதில் ஒரே வரியில் வராது.

ஹோட்டல் அடுக்களையால் முடிகிற சில காரியங்கள் வீட்டில் நடக்கவே நடக்காது. தந்தூர் அடுப்பின் சூடு 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நம் வீட்டுக் கேஸ் அடுப்பில் தோசைக்கல்லைக் கவிழ்த்துப் போட்டு நான் ரொட்டி சுட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும். கிண்டி ஐடிசி கிராண்ட் சோழாவில் பெஷாவரி என்று ஓர் உணவகம். அங்கே கிடைக்கும் கறுப்பு உளுந்து தால் இரவு முழுக்கக் கரியடுப்பில் கிடந்து வேகிறது. கத்தி, கரண்டி எதிர்பார்க்காமல் கையால் சாப்பிடுவதுதான் அங்கே மரபு, கழுத்தில் கட்டிக்கொள்ள ஒரு துணியும் தருகிறார்கள். இத்தனை காசு கொடுத்துக் கையால் சாப்பிடுவதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம் உண்டு. அப்படி ஒரு தாலை வீட்டில் செய்ய ஒருவர் ராத்திரி தூங்காமல் இருக்க வேண்டும். சீனச் சமையலும் அப்படித்தான். அந்தப் பேயடுப்புத் தீ இல்லாமல் நூடுல்ஸில் புகைமணம் ஏறாது.

அதே கிராண்ட் சோழாவில் 2017-இல் தொடங்கிய அவர்தனா இருக்கிறது. தென்னிந்திய ருசிகளை வைத்து ஏழு முதல் பதின்மூன்று வகை வரை ஒன்றன்பின் ஒன்றாக வரும் விருந்து. ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலிலும் இடம்பிடித்திருக்கிறது. அலுவலகத்தில் ஒரு பெரிய வேலை முடிந்தபோது முதலாளி அழைத்துப் போனார். அங்கே பேர்போனது ரசம். காபி வடிக்கும் பிரெஞ்ச் பிரஸ்ஸில் தழைகளைப் போட்டு, கண்ணாடிபோலத் தெளிந்த தக்காளி ரசத்தை ஊற்றி, அழுத்தி, கண்ணாடிக் கோப்பையில் வார்த்துத் தருகிறார்கள். ஒரு வாய் குடித்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. இத்தனை வருடமாகக் குடித்த ரசத்தில் தக்காளியின் வாசனை எது, கொத்தமல்லியின் வாசனை எது என்று பிரித்துக் காட்டியதுபோல இருந்தது.

அடுத்த வாய்க்குக் கோப்பை காலி.

மடிப்பாக்கத்து அம்மா வைப்பது கொள்ளு ரசம். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். கொள்ளை வேகவைத்து வடித்த தண்ணீரில் புளி கரைத்து, சீரகமும் மிளகும் பூண்டும் நசுக்கிப் போட்டு, நுரை கட்டியதும் இறக்கிவிடுவார். கொதிக்க விட்டால் கெட்டுவிடும் என்பார். தெளிவாக எல்லாம் இருக்காது, கலங்கலாகத்தான் இருக்கும். ஆனால் மூன்றாவது தடவை கேட்டாலும் ஊற்றுவார். கேட்காவிட்டாலும் ஊற்றுவார். இந்த இரண்டு ரசங்களில் எது மேல் என்று என்னைக் கேட்டால், அவர்தனா ரசம் மேல், கொள்ளு ரசம் வேண்டும் என்பேன்.

வீட்டுச் சமையலில் ஹோட்டலுக்கு எட்டாத இடம் ஒன்று உண்டு. அடுப்பிலிருந்து இலைக்கு வரும் தூரம். அந்த வீட்டில் அரிசிம்பருப்புச் சாதம் செய்வார்கள். அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, அவ்வளவுதான். குக்கர் விசில் அடங்கித் திறந்த ஐந்தாவது நிமிடம் நெய் ஊற்றிச் சாப்பிட்டால் அது ஒரு சாப்பாடு. அரை மணி நேரம் பஃபே மேசையில் வெந்நீர்த் தட்டின்மேல் கிடந்தால் அது வேறு சாப்பாடு, களி. அதனால்தான் பஃபேக்களில் அதைப் பார்க்க முடிவதில்லை. கீரை மசியல், சுட்ட அப்பளம், முறுகல் தோசை எல்லாம் இந்த ஜாதி. மீன் குழம்பு நேர்மாறு. முதல் நாள் ராத்திரி வைத்து மண்சட்டியிலேயே விட்டு மறுநாள் சாப்பிட்டால்தான் ருசி, அதற்கும் வீடுதான் சரி.

இதில் ஒரு வேடிக்கை. நட்சத்திர ஹோட்டல்களின் தென்னிந்திய உணவகங்கள் பலவற்றுக்கு ஆதி வீடுதான். அடையாறு பார்க் ஷெரட்டனில் 1989-இல் தொடங்கிய தக்ஷின், வீட்டுச் சமையலை ஐந்து நட்சத்திர மேசைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒன்று. அங்கே நெடுங்காலம் தலைமைச் சமையற்கலைஞராக இருந்த பிரவீண் ஆனந்த், பல சமூகங்களின் வீட்டுச் சமையல் முறைகளைத் தேடித் திரட்டியவர். பிற்காலத்தில் கிரவுன் பிளாசா என்று பெயர் மாறிய அந்த ஹோட்டல் 2023 டிசம்பரில் மூடப்பட்டது. அங்கே என் மாமனாரின் அறுபதாம் பிறந்தநாளுக்குச் சாப்பிட்டோம். பாட்டி வைப்பது மாதிரியே இருக்கிறது என்று அவர் சொன்னார். அதற்கு எவ்வளவு ஆனது என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

உணவைவிட எனக்கு முக்கியம் பேச்சு. இதில் இரண்டு இடத்திலும் குறை உண்டு.

மூன்று வருடத்துக்கு முன் நாங்கள் நாலு பேர் நகரத்தில் ஒரு பெரிய உணவகத்தில் மாலை ஏழு மணிக்கு மேசை எடுத்தோம். முன்பதிவு செய்யும்போதே ஒன்பதுக்குள் எழ வேண்டும் என்று சொல்லியிருந்தார்களாம், முன்பதிவு செய்தவன் எங்களிடம் சொல்லவில்லை. எட்டே முக்காலுக்கு, ஒருவன் தன் வேலை போன கதையை முதல்முறையாகச் சொல்ல ஆரம்பித்தான். ஒரு தம்பி வந்து, "டெசர்ட் ஏதாவது பார்க்கறீங்களா சார்?" என்றார். போனார். மறுபடி வந்தார். பில் கேட்காமலே பில் வந்தது. அவர்மீது தப்பில்லை, வெளியே அடுத்த கூட்டம் நிற்கிறது. ஆனால் அந்தக் கதையின் மீதியை நாங்கள் கார் நிறுத்துமிடத்தில் நின்று கேட்டோம். வேலட்காரர் சாவியோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

வீட்டில் யாரும் எழுப்ப மாட்டார்கள். மதியம் பன்னிரண்டுக்குப் போனால் இருட்டும்வரை இருக்கலாம், பாயை விரித்துப் படுக்கலாம். ஆனால் அங்கே வேறு தொந்தரவு. அம்மா ஒவ்வொருவர் பிள்ளையின் மதிப்பெண்ணையும் விசாரிப்பார். டிவி ஓடும். விடுதிக் கதைகளில் பாதியை அந்த வீட்டில் சொல்லவே முடியாது. நண்பனுக்கு அங்கே கணவன், மகன், அப்பா என்று மூன்று வேடம். வெளியே வந்தால்தான் அவன் பழைய ஆளாக இருக்கிறான். ஆண்கள் ஆறு பேர் மட்டும் சந்திப்பது என்றிருந்தால் யோசிக்காமல் வெளியிடம் என்று எழுதியிருப்பேன்.

வேறு சந்தர்ப்பங்களுக்கும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணப் பேச்சில் இரண்டு குடும்பங்கள் முதல்முறை சந்திப்பதற்கு உணவகம் நல்லது. யார் வீடும் இல்லை, யாரும் சோபாவை எடைபோட மாட்டார்கள், பிடிக்காவிட்டால் காபியோடு எழுந்துவிடலாம். துக்கத்தில் இருக்கும் நண்பனை ஹோட்டலுக்கு அழைக்காதீர்கள். பாத்திரத்தில் எதையாவது எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போங்கள். மேலதிகாரியை வீட்டுக்குக் கூப்பிடுவதில் எனக்கு உடன்பாடில்லை, அது யாருக்கும் நிம்மதியில்லாத சாப்பாடு. கணவன் மனைவி இருவர் மட்டும் என்றால், பணம் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு நல்ல உணவகம்.

பணம் தருவதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. ஹோட்டலில் பில் வந்ததும் தோஹாக்காரன் அட்டையை நீட்டுவான். மற்றவர்கள் கையைப் பிடித்து இழுப்போம். கடைசியில் அவன்தான் கொடுப்பான். எங்களில் ஒருவனுக்கு இரண்டு வருடமாகத் தொழில் சரியில்லை. பகிர்ந்துகொண்டால் ஒரு குடும்பத்துக்கு 6,400 ரூபாய் வரும். அது அவனுக்கு ஒரு மாதப் பள்ளிக்கட்டணம். தோஹாக்காரன் கொடுத்தால் அது அவனுக்கு வேறு விதமாக வலிக்கும். வீட்டில் இந்தப் பிரச்சினை இல்லை. ஒருவன் பழம் வாங்கி வரலாம், ஒருவன் மல்லிகைப்பூ வாங்கி வரலாம், எவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டால் அந்த வீட்டோடு ஒரு பிணைப்பு வந்துவிடுகிறது. பகையாளி வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். ஹோட்டலில் நூறு முறை சேர்ந்து சாப்பிட்டாலும் அந்தக் கணக்கு ஏறாது.

உடம்பு விஷயம். ஆறில் மூன்று பேருக்குச் சர்க்கரை. ஹோட்டலில் பத்து இனிப்பு கண்ணாடிக்குள் வரிசையாக இருக்கும், ஆனால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். வீட்டில் ஒரே பாயசம், "ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது கண்ணு" என்று அம்மா டம்ளரோடு நிற்பார். எது ஆபத்து என்று நீங்களே சொல்லுங்கள். டிசம்பர் கடைசி என்பதால் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒருவன் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பான். ஹோட்டல் சாப்பாடு அவனுக்கு ஆகாது, கறி சமைக்கும் வீட்டிலும் ஆகாது. அவன் தன் வீட்டிலிருந்தே கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டான். வெளிச் சாப்பாட்டைப் பெரிய ஹோட்டல்கள் உள்ளே விடுவது அபூர்வம், வீட்டில் கேள்வியே இல்லை. டிசம்பர் கடைசி வார ஹோட்டல் விலையையும் மறக்க வேண்டாம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று பெயர் வைத்து நான் மேலே சொன்ன 2,500 எங்கேயோ போய்விடும்.

இடைப்பட்ட வழிகளையும் பார்த்தேன். காரைக்குடி பங்களா மாதிரி, வீடாகவும் விடுதியாகவும் இருக்கிற இடங்கள் உண்டு. முன்கூட்டியே சொல்லிவைத்தால் இலை போட்டுப் பரிமாறுவார்கள். ஆனால் அதற்குக் காரைக்குடிக்கே போக வேண்டும். தோஹாக்காரனின் விடுமுறை ஐந்தே நாள். ஹோட்டல்களில் தனியறை எடுத்தால் பேச்சுக்குத் தடை இல்லை, ஆனால் குறைந்தபட்சத் தொகை என்று ஒன்றை முன்கூட்டியே கட்டச் சொல்கிறார்கள்.

அப்புறம்தான் பக்கெட் பிரியாணி ஞாபகம் வந்தது. சென்னையில் இது தெரியாதவர்கள் குறைவு. ஒரு கிலோ அரிசிக்குப் போட்ட பிரியாணியை மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில் வீட்டுக்கே தருவார்கள். கூடவே கத்திரிக்காய், வெங்காயப் பச்சடி, சில இடங்களில் பிரெட் அல்வா. எட்டுப் பேருக்குத் தாராளம். வேளச்சேரியில் விறகடுப்பு வைத்திருக்கும் மாஸ்டர் ஒருவரிடம் கேட்டேன். மட்டன் பக்கெட் 2,800 என்றார். இரண்டு வாங்கினால் 5,600. இதில் கவனிக்க வேண்டியது நேரம். சமைத்த சோறும் கறியும் வெளியில் இரண்டு மணி நேரத்துக்குமேல் கிடக்கக் கூடாது என்பது பொதுவான பாதுகாப்பு விதி, சூடு ஆறாமல் இருந்தால் பரவாயில்லை. பதினொரு மணிக்கு வாளி வந்து, ஒருவன் போக்குவரத்தில் மாட்டி, மூன்று மணிக்கு இலை போட்டால் வயிறு கெடும். ஒரு மணிக்கு வாங்கி ஒன்றரைக்குப் பரிமாற வேண்டும்.

இத்தனையும் எழுதி முடித்தபின் ஒன்று உறைத்தது. மூன்று வாரமாக ஆறு ஆண்கள் வாக்கெடுப்பு நடத்துகிறோம், சமைக்கப் போகிறவரை யாரும் கேட்கவில்லை. நண்பனிடம் கேட்டேன். "அவளுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லடா, சந்தோஷமா செய்வா" என்றான். போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

"நிஜமா சொல்லும்மா. வீட்டுக்கு வரட்டுமா, ஹோட்டலுக்குப் போயிடலாமா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரித்துக்கொண்டே, "வீட்டுக்கு வாங்க அண்ணா. ஆனா நான் சமைக்க மாட்டேன்" என்றார்.

பின்னால் நண்பன் "என்னது?" என்று கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

அவருக்கும் நாங்கள் வர வேண்டும் என்றுதான் இருந்திருக்கிறது. போன வருடம் நாங்கள் என்ன பேசிச் சிரித்தோம் என்று அவருக்குத் தெரியவே தெரியாதாம். சிரிப்புச் சத்தம் மட்டும் அடுக்களைக்குக் கேட்டதாம்.

ஆகவே குழுவில் போட்டுவிட்டேன். ஞாயிறு மதியம், மடிப்பாக்கம். இரண்டு பக்கெட் பிரியாணி, பணம் தோஹாக்காரன், ஒரு மணிக்கு வேளச்சேரியில் வாங்கிவருவதும் அவனே. சைவம் சாப்பிடும் இரண்டு பேருக்குச் சாம்பார் சாதம், தயிர் சாதம் பக்கத்துத் தெரு மெஸ்ஸிலிருந்து. ஐஸ்கிரீம் ஒருவன், தண்ணீர்க் கேனும் ஐஸ் கட்டியும் ஒருவன். பந்தி பிரிக்கக் கூடாது, கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் ஒரே நேரத்தில். பரிமாறுவதும் எடுப்பதும் ஆண்கள். கரண்டி, சட்டி என்று கழுவ வேண்டியது எதுவானாலும் நண்பன்.

இலை என் பொறுப்பு. பதினாலு நுனி இலை, கிழிந்தால் மாற்ற இரண்டு. நுனி இடது கைப் பக்கம் வர வேண்டும் என்பதைத் தோஹாக்காரனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், போன தடவை அவன் திருப்பிப் போட்டு அம்மாவிடம் திட்டு வாங்கினான்.

நேற்று ராத்திரி அம்மாவே போன் செய்தார். வெளியிலிருந்து வாங்குவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு மணி நேரம் பேசி ஒரு சமரசத்துக்கு வந்தோம். கொள்ளு ரசம் மட்டும் அவர் வைப்பார். அதற்கு வேண்டிய பூண்டை நான் காலையிலேயே போய் உரித்துக் கொடுக்க வேண்டும்.

"எத்தனை மணிக்கும்மா வரட்டும்?"

"ஏழு மணிக்கு வந்துரு கண்ணு. டிபனும் இங்கயே சாப்பிட்டுக்கலாம்."